கறுப்புத் திரைக்குள் நுழைந்த எழுத்துகள்

259 என்ற எண்ணுக்குக் கணினியில் இரண்டு பொருள் உண்டு. டெர்மினல் எனப்படும் எழுத்துத் திரையில் இயங்கும் நிரல்களுக்குக் கை கொடுக்கும் 'கர்சஸ்' நூலகத்தில் 259 என்றால் மேல்நோக்கிய அம்புக்குறி விசை. யூனிக்கோடு அட்டவணையிலோ அதே 259, ரொமேனியர்களும் வியட்நாமியர்களும் அன்றாடம் எழுதும், தலையில் பிறை வளைவு கொண்ட சிறிய 'ஏ' எழுத்து. 261 வலப்பக்க அம்புக்குறி. யூனிக்கோட்டில் அது போலந்து மொழியின் வால் வைத்த 'ஏ'. விசைப்பலகையிலிருந்து 259 வந்து சேர்ந்தால், அமர்ந்திருப்பவர் அம்பை அழுத்தினாரா, எழுத்தைத் தட்டினாரா? எண்ணை மட்டும் பார்த்து நிரலால் இதைச் சொல்லவே முடியாது.

இந்த மோதல் தற்செயலாக வந்ததல்ல. ஒரு விசை, ஒரு பைட், ஒரு எழுத்து, திரையில் ஒரு கட்டம் ஆகிய நான்கும் ஒன்றுதான் என்ற கணக்கின்மேல்தான் டெர்மினல் கட்டப்பட்டது. ஆங்கிலத்துக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தியது. பிற மொழிக்காரர்கள் அந்தத் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோது அது ஒவ்வொரு முனையிலும் அவிழத் தொடங்கியது.

ஏழு பிட்டுக்குள் ஓர் உலகம்

1963இல் அமெரிக்காவில் ஆஸ்கி குறியீடு வெளியானது. ஏழு பிட், 128 இடங்கள். அவற்றில் 33 இடங்கள் மணியடிப்பது, வரியைத் தள்ளுவது போன்ற கட்டுப்பாட்டுக் குறிகளுக்கே போய்விட்டன. ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் மிச்ச இடங்களில் அடங்கின. அதே காலத்தில் சந்தைக்கு வந்த டெலிடைப் 33 என்ற தொலைத்தட்டச்சு இயந்திரம் இந்தக் குறியீட்டைப் பேசியது. விநாடிக்குப் பத்து எழுத்து என்ற வேகத்தில், காகிதச் சுருளில், பெரிய எழுத்துகளை மட்டுமே அது அச்சடித்தது.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கியபோது அவர்கள் முன் இருந்ததும் இந்த வகை இயந்திரந்தான். இன்றைய லினக்ஸ் கணினியில் டெர்மினலைக் குறிக்கும் 'டிடிஒய்' என்ற மூன்றெழுத்து, டெலிடைப் என்ற பெயரின் சுருக்கமே.

பைட்டில் எட்டு பிட் இருந்தும் எழுத்துக்கு ஏழு போதுமாக இருந்தது. எட்டாவது பிட், கம்பி வழியே செய்தி பிழையில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கப் பயன்பட்டது. எனவே உள்ளே வரும் பைட்டிலிருந்து எட்டாவது பிட்டை வெட்டியெறியும் வசதி டெர்மினல் இயக்கியிலேயே அமைந்தது. 'ஐஸ்ட்ரிப்' என்ற அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. அதை இயக்கிவிட்டுத் தமிழில் 'க' என்று தட்டினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். யூனிக்கோடு எண்களைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' என்பது 224, 174, 149 என்ற மூன்று பைட். எட்டாவது பிட்டை எடுத்தால் 96, 46, 21. முதலாவது ஒரு சாய்ந்த மேற்கோள் குறி, அடுத்தது முற்றுப்புள்ளி. 21 என்பதோ கன்ட்ரோல்-யூ, அதாவது தட்டிய வரி முழுவதையும் அழி என்ற கட்டளை. ஓர் எழுத்தைத் தட்டியதற்கு முழு வரியும் போய்விடும்.

அம்புக்குறியின் வருகை

1970களில் காகிதம் போய்க் கண்ணாடித் திரை வந்தது. லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ 1976இல் வந்தது. பெர்க்லியில் பில் ஜாய் அதில் உட்கார்ந்துதான் விஐ திருத்தியை எழுதினார். அந்த விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்ததால், விஐ பயன்படுத்துவோர் இன்றுவரை அந்த நான்கு விசைகளால்தான் கர்சரை நகர்த்துகிறார்கள். 1978இல் டிஜிட்டல் நிறுவனத்தின் விடி100 வந்தது. 80 கட்டம் அகலம், 24 வரி உயரம். இன்றைய டெர்மினல் மென்பொருள்கள் பல முதலில் திறக்கும் அளவும் இதுவே.

விடி100இல் அம்புக்குறியை அழுத்தினால் ஒரு பைட் அல்ல, மூன்று பைட் கிளம்பும்: எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, ஓர் ஆங்கில எழுத்து. ஒரு விசைக்கு ஒரு பைட் என்ற கணக்கு இங்கேயே, ஆங்கிலத்திலேயே உடைந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் திரையும் வேறு வேறு வரிசையை அனுப்பியதால், எந்தத் திரை எதை அனுப்பும் என்று பட்டியலிடும் 'டெர்ம்கேப்' தரவுத்தளத்தை ஜாய் உருவாக்கினார். அதன்மேல் கென் அர்னால்டு கர்சஸ் நூலகத்தைக் கட்டினார். நிலவறைக்குள் அலைந்து அரக்கர்களோடு மோதும் 'ரோக்' விளையாட்டு, அந்த நூலகத்தைக் கொண்டு 1980 வாக்கில் எழுதப்பட்டுப் பல்கலைக்கழகங்கள் எங்கும் பரவியது.

பின்னர் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸுக்காகக் கர்சஸ் விரிவாக்கப்பட்டபோது, அந்த மூன்று பைட்டையும் சேர்த்துப் படித்து 'மேல் அம்பு' என ஒரே எண்ணாகத் தரும் வசதி வந்தது. விசையைப் படிக்கும் 'கெட்ச்' என்ற செயற்கூறு அந்த எண்ணைத் திருப்பித் தரும். எந்த எண்ணைக் கொடுப்பது? ஒரு பைட்டின் உச்ச மதிப்பு 255. அதைத் தாண்டி எந்த எழுத்தும் வர வழியில்லை என்பதால் 256க்கு மேலுள்ள எண்களைச் சிறப்பு விசைகளுக்கு ஒதுக்கினார்கள். அன்றைய நிலையில் அது நியாயமான முடிவு. 255க்கு அப்பால் உலகின் பெரும்பாலான மொழிகள் குடியேறப் போவது அப்போது யாருக்கும் தெரியாது.

இன்னொரு சிக்கலும் அப்போதே பிறந்தது. எஸ்கேப் விசையைத் தனியாக அழுத்தினாலும் முதல் பைட் அதேதான். அம்புக்குறியின் தொடக்கமா, தனி எஸ்கேப்பா என்று அறிய நிரல் சற்றுக் காத்திருந்து பார்க்க வேண்டும். கர்சஸின் வழிவந்த என்கர்சஸ் நூலகத்தில் இந்தக் காத்திருப்பு, வேறு ஏதும் சொல்லாவிட்டால், 1,000 மில்லி விநாடி. ஒரு பைட்டைப் பார்த்ததும் முடிவுக்கு வராதே, தொடர்ச்சி வருகிறதா என்று பார் என்ற இந்தப் பழக்கம் பின்னாளில் பலமொழி எழுத்துகளைப் படிக்கவும் தேவைப்பட்டது.

ஜப்பானியர் செய்த வேலை

ஆங்கிலத்துக்கு வெளியே இந்தத் திரையோடு முதலில் பெரிய அளவில் போராடியவர்கள் ஜப்பானியர்கள். 1978இல் அவர்களுடைய தேசியக் குறியீடு வெளியானபோது அதில் 6,349 கான்ஜி எழுத்துகள் இருந்தன. அத்தனைக்கும் விசை வைக்க முடியாது. அதே ஆண்டு தோஷிபா நிறுவனம் அறிமுகப்படுத்திய ஜேடபிள்யூ-10 என்ற எழுத்துக்கோப்பு இயந்திரம் வழி காட்டியது: ஒலியைக் கானா எழுத்தில் தட்டு, மாற்று விசையை அழுத்து, வரும் கான்ஜிகளில் பொருத்தமானதைத் தேர்ந்தெடு. மேசை அளவுக்கு இருந்த அந்த இயந்திரத்தின் விலை 63 லட்சம் யென். விசைக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு மென்பொருள் நின்று மொழிபெயர்க்கும் உள்ளீட்டு முறை என்ற ஏற்பாடு இப்படித்தான் வேரூன்றியது. இன்று கைப்பேசியில் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழில் பெறுபவரும் அதே ஏற்பாட்டைத்தான் பயன்படுத்துகிறார்.

குறியீடுகளில் மூன்று வழிகள் பிரிந்தன. 1984இல் தொடங்கிய ஜூநெட் கல்வி வலையமைப்பு ஏழு பிட் கம்பிகளையே நம்பியிருந்ததால், 'இனி ஜப்பானியம்', 'இனி ஆஸ்கி' என்று எஸ்கேப் வரிசையால் அறிவித்துவிட்டு எழுத்துகளை அனுப்பியது. வழியில் ஏதேனும் ஒரு கணினி எஸ்கேப் பைட்டைத் தின்றுவிட்டால் கடிதம் முழுவதும் குப்பையாகக் கொட்டும். தனிக்கணினிகளில் பரவிய ஷிஃப்ட்-ஜேஐஎஸ் முறையில் வேறொரு தொல்லை. சில கான்ஜிகளின் இரண்டாவது பைட், சி மொழியில் தனிப் பொருள் கொண்ட பின்சாய்வுக் கோட்டின் எண்ணாகவே அமைந்துவிட்டது. 'அட்டவணை' என்ற பொருளுடைய சாதாரணக் கான்ஜி அவற்றில் ஒன்று. யூனிக்ஸில் பரவிய இயூசி முறை, இரண்டு பைட்டிலும் எட்டாவது பிட்டை ஏற்றி, ஆஸ்கியோடு மோதாமல் தப்பித்தது.

திரையிலும் மாற்றம் தேவைப்பட்டது. கோடுகள் நெருங்கிய கான்ஜியை ஆங்கில எழுத்தின் ஒடுங்கிய கட்டத்துக்குள் வரைய இயலாது. இரண்டு கட்டத்தை ஒரு கான்ஜிக்குக் கொடுத்தார்கள். இங்கே ஒரு நல்வாய்ப்பு: எழுத்துக்கு இரண்டு பைட், இரண்டு கட்டம். எனவே பைட்டை எண்ணிக் கட்டத்தைக் கணக்கிட்ட பழைய நிரல்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. ஆனால் பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்தினால் பாதிக் கான்ஜிதான் அழியும். மீதிப் பாதி அடுத்து வரும் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு புதிய, பொருளற்ற எழுத்தாகும்.

இந்தத் தொல்லைகளைத் தீர்க்க அவர்கள் காத்திருக்கவில்லை. எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் மென்பொருளை மாற்றி கேடெர்ம் செய்தார்கள். மின்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஹாண்டா கெனிச்சி 1987இல் ஈமாக்ஸ் திருத்திக்கு ஜப்பானியம் கற்றுக்கொடுத்தார். அது 'மியூல்' என்ற பன்மொழித் திருத்தியாக வளர்ந்து, 1997இல் ஈமாக்ஸ் 20இல் கலந்தது. அவரே பின்னர் முன்னின்று உருவாக்கிய எம்17என் நூலகத்தில் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு முறை ஆகிய தமிழ் விசைப்பலகைகளும் இடம்பெற்றன. லினக்ஸில் தமிழ் தட்டும் பலருக்கும் அடியில் ஓடுவது இந்த ஜப்பானிய உழைப்பே.

அகன்ற எழுத்து என்ற தீர்வு

பைட்டையும் எழுத்தையும் பிரிக்க வேண்டும் என்பதை சி மொழியின் தரக்குழு ஏற்றுக்கொண்டது. 1989ஆம் ஆண்டுத் தரத்தில் அகன்ற எழுத்து என்ற தனித் தரவு வகை வந்தது. 1995இல் வந்த திருத்தம், பைட்டுகளாக வரும் உள்ளீட்டை முழு எழுத்துகளாகப் படிக்கும் செயற்கூறுகளைச் சேர்த்தது. அவற்றில் ஒன்று நுட்பமானது. பைட்டுகளை ஒவ்வொன்றாக அதனிடம் கொடுத்தால் மூன்றில் ஒன்றைச் சொல்லும்: எழுத்து முடிந்தது; இது எழுத்தே அல்ல; இன்னும் முடியவில்லை, அடுத்த பைட்டைக் கொண்டு வா. தொலைவிலுள்ள கணினியோடு மெதுவான இணைப்பில் பேசும்போது ஓர் எழுத்தின் முதல் பைட் இப்போதும் மீதி சற்றுப் பிறகும் வரக்கூடும் என்பதால், இந்த மூன்றாவது பதில் இன்றியமையாதது.

அடுத்து 259இன் சிக்கல். 1990களின் நடுவில் எக்ஸ்/ஓப்பன் அமைப்பு வெளியிட்ட கர்சஸ் தரம், பழைய 'கெட்ச்'சுக்குத் துணையாக 'கெட்-டபிள்யூ-சிஎச்' என்ற புதிய செயற்கூறை வகுத்தது. பழையது எண்ணை மட்டும் தந்தது. புதியது இரண்டு செய்திகளைத் தனித்தனியே தருகிறது: வந்தது எழுத்தா சிறப்பு விசையா என்பது ஒன்று, அதன் எண் என்ன என்பது மற்றொன்று. 'எழுத்து, 259' என்றால் ரொமேனிய எழுத்து. 'விசை, 259' என்றால் மேல் அம்பு. தாமஸ் டிக்கி பராமரிக்கும் என்கர்சஸ் நூலகம் 2002இல் வந்த 5.3ஆம் பதிப்பில் இந்த அகன்ற எழுத்து வசதியைக் கொண்டுவந்தது. பைத்தான் மொழியின் கர்சஸ் தொகுதிக்கு இது வந்து சேர 2012இன் 3.3ஆம் பதிப்பு வரை ஆயிற்று.

இந்த வசதி இருந்தும் பல நிரல்கள் வேலை செய்யாமல் போவதற்கு ஒரு வரி விடுபடுவதே காரணம். சி மொழி நிரல் தொடங்கும்போது எந்த மொழியும் தெரியாத 'சி' சூழலில்தான் தொடங்கும். பயனரின் மொழிச் சூழலை ஏற்றுக்கொள் என்று 'செட்லோகேல்' வழியாக முதலிலேயே சொல்லாவிட்டால், அகன்ற எழுத்துச் செயற்கூறுகள் எல்லாம் ஆஸ்கியைத் தாண்டிப் பார்க்க மறுத்துவிடும்.

ஒரு செப்டம்பர் இரவு

அகன்ற எழுத்தின் உள்ளே எந்த எண் இருக்க வேண்டும்? அதற்கு 1991இல் வெளியான யூனிக்கோடு விடையளித்தது. ஆனால் அந்த எண்களைக் கம்பி வழியே எப்படி அனுப்புவது என்பது எஞ்சியிருந்தது. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் ஓர் உணவகத்தில், மேசைமேல் விரித்திருந்த காகிதத்தில் கென் தாம்ப்சன் அதற்கான விடையை வரைந்தார். உடன் இருந்தவர் ராப் பைக். டெலிடைப்பில் யூனிக்ஸைத் தொடங்கிவைத்த அதே தாம்ப்சன். யூடிஎஃப்-8 பிறந்தது. சில நாட்களில் அவர்களுடைய பிளான் 9 இயங்குதளம் முழுவதும் அதற்கு மாறியது.

அதன் சிறப்பு, முதல் பைட்டைப் பார்த்தாலே மொத்தம் எத்தனை பைட் வரும் என்று தெரிந்துவிடும் என்பது. நடுவில் வரும் பைட்டுகள் ஒருபோதும் முதல் பைட்டைப் போல இருக்காது. இடையில் ஒன்று தொலைந்தாலும் அடுத்த எழுத்திலிருந்து பிழையில்லாமல் தொடரலாம். ஆஸ்கி எழுத்துகள் பழையபடியே ஒற்றைப் பைட்டாக இருக்கும். எஸ்கேப், பின்சாய்வுக் கோடு ஆகியவற்றின் எண்கள் வேறெந்த எழுத்துக்குள்ளும் ஒளிந்து வராது.

எண்ணிக்கைகளின் உறவு மட்டும் முழுதாக அறுந்தது. கான்ஜிக்கு மூன்று பைட், இரண்டு கட்டம். பைட்டை எண்ணிக் கட்டத்தை அறிய இனி வழியில்லை. 2001இல் கேம்பிரிட்ஜின் மார்கஸ் கூன், எந்த எழுத்து எத்தனை கட்டம் எடுக்கும் என்று சொல்லும் 'டபிள்யூசிவிட்த்' என்ற சிறு நிரலைப் பொதுவில் வைத்தார். பல டெர்மினல் மென்பொருள்கள் அதைத் தழுவின. 2002 செப்டம்பரில் வந்த ரெட்ஹேட் லினக்ஸ் 8.0, யூடிஎஃப்-8ஐ இயல்பு அமைப்பாக்கியது. 2004இல் லினக்ஸ் கர்னல் 2.6.4, பேக்ஸ்பேஸ் அழுத்தினால் ஒரு பைட்டை அல்ல, முழு யூடிஎஃப்-8 எழுத்தை அழிக்கும் அமைப்பைப் பெற்றது. அதற்கு முன், எளிய கட்டளை வரியில் 'க'வை அழிக்க முயன்றால் திரையில் எழுத்து மறையும். உள்ளே இரண்டு பைட் தங்கிவிடும்.

தமிழ் வந்து நிற்கும் இடம்

தமிழும் இந்தப் பாதையில் தன் முயற்சிகளோடுதான் வந்தது. 1990களின் இறுதியில் உருவான டிஸ்கி குறியீடு, எழுத்து வடிவங்களுக்கு எட்டு பிட் எண் கொடுத்தது. 'கெ' என்பதில் கொம்பு முன்னால் தெரிவதால் குறியீட்டிலும் கொம்பே முன்னால் வந்தது. எட்டாவது பிட்டை வெட்டாத எந்த நிரலுக்கும் அது ஓர் ஐரோப்பிய மொழியைப் போலவே தோன்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகை தரமாயிற்று. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிக்கோட்டையும் டேஸ்16 குறியீட்டையும் ஏற்றது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் வேண்டும் என்பது டேஸ்16இன் நோக்கம். யூனிக்கோட்டின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில் அது அமைந்திருப்பதால் பொதுவான டெர்மினல் கருவிகளுக்கு அந்த எண்களின் பொருள் தெரியாது.

யூனிக்கோட்டில் 'கி' என்பது இரண்டு எண்: 'க'வுக்கு 2965, இகரக் குறிக்கு 3007. யூடிஎஃப்-8இல் ஆறு பைட். 'கெட்-டபிள்யூ-சிஎச்' இருமுறை அழைக்கப்பட்டால்தான் ஓர் எழுத்து முழுதாகக் கைக்கு வரும். 'ஸ்ரீ' என்றால் நான்கு எண், பன்னிரண்டு பைட். பைட்டுக்கும் எழுத்துக்கும் இடையிலான கணக்கை ஜப்பானியம் உடைத்ததென்றால், எண்ணுக்கும் எழுத்துக்கும் இடையிலான கணக்கைத் தமிழும் அதன் அண்டை மொழிகளும் உடைக்கின்றன. அகன்ற எழுத்து என்ற கருத்து இங்கே வந்து முட்டி நிற்கிறது.

கட்டக் கணக்கில் நிலைமை இன்னும் மோசம். யூனிக்கோடு இகரக் குறியை இடம் எடுக்கும் குறி என்றும், ஈகாரக் குறியையும் புள்ளியையும் இடம் எடுக்காத குறிகள் என்றும் வகைப்படுத்தியிருக்கிறது. அதை அப்படியே பின்பற்றும் கூனின் நிரலிடம் கேட்டால் 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரு கட்டம். 'கிளி', 'கீழ்' இரண்டுமே ஈரெழுத்துச் சொற்கள்தாம்; முன்னதற்கு நான்கு கட்டம், பின்னதற்கு இரண்டு. பைத்தானின் டபிள்யூசிவிட்த் நூலகம் 2023இல் தமிழ், கன்னடம், தேவநாகரி குறிகளின் அகலத்தைத் திருத்தியது. ஆனால் நிரல் ஒரு கணக்கும் டெர்மினல் வேறொரு கணக்கும் வைத்திருந்தால் கர்சர் நிரல் நினைக்கும் இடத்தில் நிற்காது. அட்டவணைக் கோடுகள் வளையும், அழித்த எழுத்தின் துணுக்கு மிஞ்சும், தட்டுவது வேறிடத்தில் தெரியும். தமிழில் கோப்புப் பெயர் வைத்து டெர்மினலில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதே.

பயனர் ஓர் எழுத்து என்று எதை நினைக்கிறாரோ அந்தத் தொகுப்பை அடையாளம் காணும் விதிகளை யூனிக்கோடு வகுத்திருக்கிறது. அவ்விதிப்படி 'கி' ஒன்று. 'ஸ்ரீ' மட்டும் 'ஸ்', 'ரீ' என இரண்டாகப் பிரியும். புதிய டெர்மினல்கள் சில இந்தத் தொகுப்பு முறைக்கு மாறிவருகின்றன. எல்லாம் ஒரே கணக்குக்கு வந்தால்தான் நிரல் எழுதுபவருக்கு உறுதி கிடைக்கும்.

டெர்மினல் நிரல் எழுதும் தமிழர்கள் இதில் செய்யக்கூடியது நிறைய. மொழிச் சூழலை முதல் வரியிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். விசையையும் எழுத்தையும் பிரித்துத் தரும் செயற்கூறால் படியுங்கள். படித்த எண்களைத் தமிழ் எழுத்துகளாகத் தொகுத்த பிறகே எண்ணுங்கள், வெட்டுங்கள், அழியுங்கள். 'கி', 'கீழ்', 'கௌ', 'ஸ்ரீ' நான்கையும் தட்டிப் பார்க்காமல் எதையும் வெளியிடாதீர்கள். என்கர்சஸ், எக்ஸ்டெர்ம், எம்17என் எல்லாமே மூல நிரல் திறந்தவை. கேடெர்மையும் மியூலையும் ஜப்பானியர்கள் தாங்களே எழுதிச் சேர்த்தார்கள். தமிழுக்கான திருத்தங்களையும் தமிழ் எழுத்தின் இயல்பு தெரிந்தவர்களே எழுதி அனுப்ப வேண்டும்.